பதினோரு பழுப்புச் சுண்டெலிகள்

ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் இரண்டாயிரத்து நானூறு சுண்டெலிகள் இருந்தன. ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். அத்தனையும் கறுப்பு, அத்தனையும் ஒரே எடை, அத்தனையும் ஒரே தினுசாகப் பின்னங்காலில் உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொள்ளும். அச்சில் வார்த்த மாதிரி என்று பேச்சுக்குச் சொல்வோமே, இங்கே அது வெறும் பேச்சு அல்ல. நூற்று எண்பது தலைமுறையாக அண்ணனுக்குத் தங்கையைக் கட்டிவைத்து வளர்த்த வம்சம் அது. மனிதர்கள் விஷயத்தில் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வோம். எலிகள் விஷயத்தில் அதற்கு விஞ்ஞானம் என்று பெயர்.

ஏன் இப்படி என்று கேட்டால் நியாயமான பதில் வைத்திருந்தார்கள். எலிக்கு எலி மாறுபட்டால், குணமானது மருந்தினாலா அல்லது அந்த எலியின் உடம்புவாகினாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றுபோல இருந்தால் இந்த ஊர் முடிவை அந்த ஊர் முடிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆகவே காது கேளாமையை ஆராய்கிற கூடங்கள் எல்லாம், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவை உட்பட, அந்த ஒரே கறுப்பு வம்சத்தை ஒரே பண்ணையிலிருந்துதான் வாங்கின. வேறு எலியில் செய்த ஆராய்ச்சியை எந்தப் பத்திரிகையும் சீந்துவதில்லை. நூறு பேரைக் கேட்டுவிட்டோம் என்று அவர்கள் திருப்தியாக இருந்தார்கள். ஒரே ஆளை நூறு தடவை கேட்டிருக்கிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கறுப்புகளைப் பார்த்துக்கொண்டவளுக்கு எலியம்மா என்று பெயர் விழுந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டுவிட்டது. அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி வாசல் காவலாளிகூடக் கூப்பிட்டதில்லை. கூண்டுகளில் மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி கழுவுவது, தீனி போடுவது எல்லாம் அவள் வேலை. அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவள் பெயர் சொல்லும் வேலை ஊசி. கட்டைவிரல் பருமன் உள்ள ஒரு சுண்டெலியின் காதுக்குப் பின்னால், அரிசிமணி அகல இடத்தில், அது என்ன ஏது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசியைப் போட்டு எடுத்துவிடுவாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குப் பின்னால்தான் நின்றார்கள். அவள் கை நடுங்கி ஒருவரும் பார்த்ததில்லை.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, லிப்ட் மேலே போகிற சத்தத்தை அரை நிமிஷம் கேட்டால் போதும், "ஏழாவது மாடிக் கதவுல உருளை தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் பையையே திறப்பார். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவருக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பிழைப்பாரா மாட்டாரா என்று இருந்த மனுஷனை ஒரு ஊசிமருந்து பிழைக்க வைத்தது. பிழைக்க வைத்த அதே மருந்து இரண்டு காதையும் எடுத்துக்கொண்டது. காதுக்குள் நத்தை ஓடுபோல ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது, அதற்குள் சத்தத்தை வாங்குகிற மெல்லிய மயிர்கள் வரிசையாக நிற்கின்றன, அந்த மருந்து அவற்றைச் சாய்த்துவிட்டது என்று எலியம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே வகை மருந்தைப் போட்டுத்தான் அவள் தினமும் எலிகளைச் செவிடாக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அப்புறம் அவள் ஏங்கியதெல்லாம் ஒரு 'ம்ம்'முக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து, அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடியே ஊர்க்கதை முழுக்கப் பேசுவது அவள் வழக்கம். அவர் பின்னால் சாப்பாட்டு மேஜையில் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு, விட்டு விட்டு 'ம்ம்' என்பார். "சுவத்துகிட்டப் பேசற மாதிரி இருக்கு" என்று அப்போது சண்டைக்குப் போவாள். இப்போது எதையாவது சொல்ல வேண்டுமானால் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, நாலு எட்டு நடந்துபோய், அவர் தோளைத் தொட்டு, வெளிச்சத்தில் நின்று, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் நன்றாகப் புரிந்துகொள்வார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'மழை வரும்போல இருக்கு' என்பதைச் சொல்ல யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள்? முக்கியமான விஷயங்கள் எல்லாம் வீட்டில் பேசப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. முக்கியமில்லாதவைதான் நின்றுபோயின. அவை இல்லாமல் வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிக்குத் தலைவி டாக்டரம்மா. சாய்ந்துபோன மயிர்களைத் திரும்ப முளைக்க வைக்கும் மருந்தை அவர் ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள், மருந்து போட்டு மூன்று வாரம் ஆன ஒரு செவிட்டுக் கறுப்பைச் சோதனைப் பெட்டியில் வைத்து, தலையில் மெல்லிய கம்பிகளைச் செருகி, எலியம்மா சின்னச் சொடுக்குச் சத்தம் ஒன்றை ஒலிக்கவிட்டாள். திரையில் செத்துக் கிடந்த கோடு எழுந்து குதித்தது. எலியின் காது மடல் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுது முடித்துவிட்டு வந்து, அடுத்த எலியை எடுத்தாள். அதற்கும் கோடு குதித்தது. பிறகு இருபத்து மூன்று கூடங்களில் இருந்து, எங்களுக்கும் அப்படியே வந்தது என்று செய்தி வந்தது. வராமல் என்ன செய்யும், எல்லாரிடமும் இருந்தது ஒரே எலிதானே.

இதற்கு நடுவில்தான் பழுப்பு எலிகள் வந்தன. பண்ணையில் ஏதோ தொற்று என்று கறுப்புகள் வருவது மூன்று மாதம் நின்றுபோயிற்று. டாக்டரம்மாவிடம் எண்களைக் கட்டி மேய்க்கிற இளைஞன் ஒருவன் இருந்தான். எல்லாரும் அவனைத் தாடி என்பார்கள். கை சும்மா இருக்க வேண்டாம் என்று தாடி நாலாவது மாடியில் இருந்த வேறொரு கூடத்துக்குப் போய்ப் பன்னிரண்டு எலிகளைக் கடன் கேட்டு வாங்கி வந்தான். தானியக் கிடங்குகளில் பிடித்த எலிகளின் பிள்ளைகுட்டிகள் அவை. ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல் கலந்த பழுப்பு, ஒன்றுக்கு வயிறு வெளுப்பு. ஒன்றைப்போல ஒன்று இல்லை. கூண்டைத் திறந்தால் துள்ளும், கையை விட்டால் கடிக்கும். முதல் நாளே ஒன்று அவளுக்கு டாட்டா காட்டிவிட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் ஓடிப்போனது. அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. மிச்சம் பதினொன்று.

பதினொன்றையும் செவிடாக்கினாள். பதினொன்றுக்கும் மருந்து போட்டாள். போடும்போது ஒன்று ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. விரலில் கட்டோடு மூன்று வாரம் காத்திருந்து சோதித்தாள். பதினோரு தடவையும் கோடு அசையாமல் கிடந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் 'ஒத்துவரவில்லை எனில் காரணம்' என்று அச்சடித்திருக்கும். எதனோடு ஒத்துவர வேண்டும் என்று அதில் போட்டிருக்காது. கறுப்போடுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். செய்தவர் கைப்பிழை என்று காரணம் எழுதினால் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, கணக்கில் சேராது என்று விட்டுவிடுவார்கள். காரணம் எழுதாவிட்டால் அது முடிவு. முடிவு என்றால், கறுப்பைத் தவிர மற்ற எலிகளில் ஏன் பலிக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மனிதர்களிடம் போக முடியும். அதற்கு இரண்டு வருஷமாவது ஆகும்.

மனிதர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதற்கான விண்ணப்பம் அனுப்ப அப்போது பத்து நாள்தான் இருந்தது. முப்பது பேர் பட்டியலும் தயார். ஏழாவது பெயர் அவள் வீட்டுக்காரருடையது.

டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். குரலில் அதட்டல் எதுவும் இல்லை. பிச்சை கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"எலியம்மா, இந்தப் பழுப்புத் தொகுதியில உங்க கை ஏதாவது தவறிச்சா?"

பக்கத்தில் நின்ற தாடி, "கறுப்புல எல்லா எடத்துலயும் சரியா வந்திருக்கு மேடம். இது எலிங்களோட கோளாறாத்தான் இருக்கும்" என்றான்.

எலியம்மா தன் விரல் கட்டைப் பார்த்தாள். முளைக்காத மயிர்களை நினைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைத்தான் நினைத்தாள். இன்னும் இரண்டு வருஷம்.

"ஆமா டாக்டரம்மா. கடிச்சதுல கை நடுங்கிடுச்சு. மருந்து பாதி வெளிய போயிருக்கும்."

பதினொன்றுக்கும் அப்படியா என்று டாக்டரம்மா கேட்டிருக்கலாம். கடித்தது ஒன்றுதானே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏழு வருஷம் காத்திருந்த அவரும் ஆசைப்பட்டவர்தானே. முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் விலகியது. சிவப்புப் பேனாவை அவரே எடுத்தார். தப்பு என்று எலியம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபத்து மூன்று கூடம் சொல்வது பொய்யாகவா போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது நல்ல சமாதானமாகவும் இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து வீட்டுக்காரருக்கு ஊசி போட்டார்கள். செவிப்பறையைத் தாண்டி உள்ளே, இரண்டு காதிலும். போடும்போது அவள் கையை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டதில் அவளுடைய பழைய விரல் தழும்பு வலித்தது.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் ஒன்றும் இல்லை. அவள் வேண்டுமென்றே தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள், கதவை அறைந்து பார்த்தாள். அவர் தன்பாட்டுக்கு ஒரு பழைய கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் இடி விழுந்தாலும் அசையமாட்டார் போலிருந்தது. மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், அவள் நம்பிக்கை போய், பழக்க தோஷத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

"மழை வரும்போல இருக்குங்க."

பின்னாலிருந்து பதில் வந்தது.

"ம்ம்."

கரண்டி கையிலிருந்து விழுந்தது. திரும்பினாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவர் முகமும் என்னவோ ஆயிற்று. அவள் ஓடிப்போய் அவர் தலையைக் கட்டிக்கொண்டு, "கேட்டுச்சா? என்னங்க, கேட்டுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் மெல்லத் தலையை விலக்கி, அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, "லேசா" என்றார்.

இரண்டாயிரத்து நானூறு எலிகளை மூன்று தடவை சோதித்துப் பார்த்துத்தான் நம்புகிறவள், புருஷனை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. அடுப்பு மேடைக்கு மேலே இருந்த கண்ணாடி ஜன்னலில், வெளியே இருட்டத் தொடங்கியதும், அவள் முகமும் உதடும் பளிச்சென்று தெரியும் என்பதை அவள் நினைத்தும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வந்த வாரங்கள் அவள் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். நாலு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. எல்லாவற்றையும் முதுகைக் காட்டிக்கொண்டே பேசித் தீர்த்தாள். எதிர்வீட்டுக்காரி பூனை வாங்கியது, வாங்கிய பூனை ஓடியது, நிலையத்துக் கூரை ஒழுகியது, தன் முழங்கால் வலி, இன்னும் என்னென்னவோ. அவர் 'ம்ம்' என்றார், 'அப்படியா' என்றார், 'சரிதான்' என்றார். காதுச் சோதனை அறையில்கூட அவர் தேறிவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பெண் பொத்தானை அழுத்த அழுத்த, இவர் கையைத் தூக்கினார். பத்துக்கு ஏழு சரி. எலிகளுக்குச் செய்வதுபோலத் தலையில் கம்பி ஒட்டிப் பார்ப்பதை மனிதர்களுக்கு ஆறாவது மாதம் என்று வைத்திருந்தார்கள்.

நிலையத்தில் மட்டும் வேறு காற்று அடித்தது. முப்பது பேரில் இருபத்தொன்பது பேருக்கு ஒரு பலனும் இல்லை. ஒன்றும் ஆகாமல் போயிருந்தாலாவது பரவாயில்லை. கொஞ்சநஞ்சம் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. ஒரே மாதத்தில் டாக்டரம்மாவுக்குப் பத்து வயது கூடியது. இருபத்து மூன்று கூடத்துக்காரர்களும் எங்கே பிசகியது என்று தெரியாமல் விழித்தார்கள். விழித்துவிட்டு மறுபடியும் கறுப்பிலேயே செய்து பார்த்தார்கள். கறுப்பில் எல்லாம் சரியாகவே வந்தது.

"ஒருத்தருக்குப் பலிச்சிருக்கே மேடம்" என்றான் தாடி. "அவர் உடம்புவாகு கறுப்போட ஒத்துப்போகுது போல. அந்த மாதிரி ஆட்களாப் பாத்து எடுத்தா ரெண்டாவது சுத்து போயிடலாம்."

டாக்டரம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றுக்கு அறுபது பேர். பாதிப் பேர் குழந்தைகள். ஓரளவு கேட்கிற குழந்தைகள். வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாக இருந்தார்கள். எலியம்மாவைப் பார்க்கிறபோதெல்லாம் டாக்டரம்மா, "உங்க வீட்டுக்காரர்தான் என் தெய்வம்" என்பார். அவளுக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைக்கு அடியில் பழுப்பாக ஏதோ ஒன்று ஓடும். அதைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அன்றைய கதையைச் சொன்னாள். ஜன்னலின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்திருந்தாள், வெங்காய நெடிக்கு.

"தாடி புது ஷூ போட்டுட்டு வந்திருக்கான். நடந்தா எலி கத்தற மாதிரியே சத்தம். கூண்டுல இருக்கற எல்லாம் சொந்தக்காரங்க வந்துட்டாங்கன்னு எட்டி எட்டிப் பாக்குதுங்க."

"ம்ம்" என்றார் அவர்.

இதற்குச் சிரிக்க வேண்டிய மனுஷன். இதில் பாதி அளவு வேடிக்கைக்கே மேஜையைத் தட்டிச் சிரிப்பார். களைப்பாக இருக்கிறாரோ என்று நினைத்தாள். வேறு என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி, பேசாமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"ம்ம்" என்றார் அவர்.

அவள் எதுவும் சொல்லவில்லை. கத்தி பலகையின் மேல் நின்றது.

கொஞ்சம் இடைவெளி விட்டு, "அப்படியா" என்றார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடிகாரம் கழற்றுகிற சின்னத் திருகாணி ஒன்று மேஜையில் உருண்டது. பத்து எண்ணுகிற நேரம் போனது.

"ம்ம். சரிதான்."

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே மறுபடி நறுக்கினாள், தோள் அசைவதைப் பார்த்துப் பேசுகிறாள் என்று நினைக்கட்டும் என வேகமாக நறுக்கினாள். அவருடைய 'ம்ம்' அந்தரத்தில் நிற்கக் கூடாது என்று வாய்க்கு வந்ததைப் பேசினாள். பூனை என்றாள், கூரை என்றாள், முழங்கால் என்றாள். கண்ணீர் வந்தது, வெங்காயம் இருந்ததால் நல்லதாகப் போயிற்று. அந்த முதல் நாள் தன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்ட மனுஷன் அதை எப்படித் திரும்பப் பிடுங்குவார்? சோதனை அறையிலும் அவர் அந்தப் பெண்ணின் தோளைத்தான் பார்த்திருப்பார். பொத்தானை அழுத்தும்போது தோள் ஒரு நூல் இறங்கும். மாடிக்கு மாடி ஒரு நூல் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துப் பிழைத்தவருக்கு அது ஒரு வேலையா?

அவளுக்குள் ஏக்கம் திரும்பி வந்து உட்கார்ந்தது. நாலு வருஷம் இருந்ததைவிடப் பாரமாக இருந்தது. அப்போது இல்லாத 'ம்ம்'மைத் தேடினாள். இப்போது அது தினமும் வந்துகொண்டே இருந்தது, அவளுக்கு மட்டும் சேரவில்லை. இத்தனை வாரம் அவள் கொட்டிய கதையில், ஜன்னல் கண்ணாடியில் உதடு தெரிந்த அளவுக்குத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எதிர்வீட்டுக்காரி பூனை வாங்கியதுகூட அவருக்குத் தெரியுமோ என்னவோ.

வியாழக்கிழமை காலையில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து, அவள் உதட்டைப் பார்த்தார். எவ்வளவு ஆவலாகப் பார்த்தார் என்றால், அவளுக்கு வாய் வரவில்லை.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டா?"

"ஊத்து" என்றார். அவளையே பார்த்தபடி, "குரல் கம்மியிருக்கே, சளியா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரம்மாவின் அறையிலிருந்து ஆள் வந்தது. எலிக் கூடத்திலிருந்து அப்படியே போனாள். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. அறைக்குள் அவள் வீட்டுக்காரர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். தாடி ஜன்னல் பக்கம் மடிக்கணினியோடு நின்றான். மேஜையின் மேல் அறுபது பேர் பட்டியல் கிடந்தது. பெயருக்குப் பக்கத்தில் வயது. ஆறு, எட்டு, நாலரை.

"இவரை ஒரு தடவை நேர்ல பாத்துட்டுக் கையெழுத்துப் போடலாம்னு வரச் சொன்னேன்" என்றார் டாக்டரம்மா. "இந்த ஒருத்தர் போதும் எலியம்மா. எனக்கு வேற சாட்சி வேணாம்."

நாலரை என்ற எண்ணிலிருந்து எலியம்மாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. மிச்சமிருக்கிற கொஞ்சத்தைக் காதில் வைத்துக்கொண்டு, அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிற குழந்தை. அந்தத் திரும்பலுக்காகத்தான் இவள் நாலு வருஷம் தவமிருந்தாள். அதையா போய் ஊசியால் குத்துவது?

சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குப் போட்டது பலிக்காது என்று சொல்லப் பதினோரு எலிகள் இருந்தன, அவற்றின் வாயை இவள்தான் அடைத்தாள் என்பதை அந்த உதட்டிலிருந்து அவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், எதிரில் உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லலாம். இங்கே, இவர்கள் முன்னால் வேண்டாம். எலியம்மா மாஸ்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"டாக்டரம்மா, அந்தப் பழுப்புத் தொகுதி. என் கை நடுங்கல."

டாக்டரம்மா பேனாவோடு நிமிர்ந்தார்.

"பதினொண்ணுக்கும் ஊசி சரியாத்தான் போட்டேன். ஒரு சொட்டு வெளிய போகல. மருந்துதான் வேலை செய்யல. இவர் பேர் பட்டியல்ல இருந்துச்சு, ரெண்டு வருஷம் தள்ளிப்போயிடுமேன்னு பொய் சொல்லிட்டேன். கறுப்பைத் தவிர வேற எதுக்கும் இது பலிக்காது. இந்தப் பிள்ளைங்களுக்குப் போட்டுடாதீங்க."

தாடியின் ஷூ ஒரு தடவை கிறீச்சிட்டது.

டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால் எலியம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மூழ்குகிறவர் கையை நீட்டுவது போலத்தான் கேட்டார்.

"அப்ப இவருக்கு மட்டும் எப்படிக் கேக்குது?"

டாக்டரம்மா மெல்ல அவர் பக்கம் திரும்பினார். தாடியும் திரும்பினான். மூன்று பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும், தன்னைத்தான் ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது.

"நல்லாக் கேக்குதுங்க டாக்டர்" என்றார். "இப்ப இவ சொன்னதுகூட ஒண்ணு விடாமக் கேட்டுச்சு."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அவள் கண்ணைப் பார்த்தார்.